வயசுக்கோளாறு என்று விட்டுவிடலாமா?



ஊரில் ஒரு பையன் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது பதினாறு. வாசற்படியில் கால் இடறுகிறது. வாயில் வாடை வீசுகிறது. தாய் அழுகிறாள். தகப்பன் கையை ஓங்குகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடிவந்து தடுக்கிறார்.

"விடுங்க, விடுங்க. வயசுக்கோளாறு. நாமெல்லாம் அந்த வயசுல செய்யாததா? ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார்.

பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடி விழக் கூடாது என்றுதான் சொன்னார். அடிக்காமல் தடுத்தது நல்லதுதான். ஆனால் அவர் சொன்ன பேச்சு சரியா? அந்த வயதில் எல்லோரும் குடித்தார்களா? குடித்தவர்களுக்கு அது தானாகச் சரியானதா? இதை ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கோவாவில் எடுத்த கணக்கு

நம் நாட்டின் மேற்குக் கடற்கரையில் கோவா இருக்கிறது. சின்ன மாநிலம். 1961 வரை போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. அங்கே முந்திரிப் பழத்தில் ஒரு சாராயம் வடிக்கிறார்கள். அதன் பெயர் ஃபெனி. தென்னங்கள்ளிலிருந்தும் ஃபெனி வடிக்கிறார்கள். கோவாவில் குடி ஒரு புதுப் பழக்கம் இல்லை. தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. கடையும் உண்டு, விலையும் குறைவு. கல்யாணம், திருவிழா என்றால் குடிப்பது அங்கே மறைத்துச் செய்யும் காரியமும் இல்லை.

அந்தக் கோவாவில் 1,899 ஆண்களை ஓர் ஆய்வில் விசாரித்தார்கள். இருபது வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரை உள்ளவர்கள். "நீங்கள் முதன்முதலில் எந்த வயதில் குடித்தீர்கள்?" என்று கேட்டார்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள், உடம்பும் மனதும் எப்படி இருக்கின்றன என்றும் கேட்டார்கள். அந்த முடிவு 2014இல் வெளியானது.

1956 முதல் 1960க்குள் பிறந்தவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர்களில் வளரிளம் பருவத்திலேயே குடிக்கத் தொடங்கியவர்களின் பங்கு 19.5 சதவீதம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

அடுத்து, 1981 முதல் 1985க்குள் பிறந்தவர்கள். இவர்கள் வயதில் முன்னவர்களுக்குப் பிள்ளைகள் மாதிரி. இவர்களில் வளரிளம் பருவத்திலேயே தொடங்கியவர்களின் பங்கு 74.3 சதவீதம். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஊர் அதே ஊர். ஃபெனியும் அதே ஃபெனி. அப்பாவும் ஒரு காலத்தில் பதினாறு வயதுப் பையன்தான். அவருக்கும் மீசை அரும்பியது. அவருக்கும் கூட்டாளிகள் இருந்தார்கள். குடி வெறும் வயசுக்கோளாறு என்றால், அந்தக் கோளாறு அப்பாவுக்கும் அதே அளவு வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் பையன்களின் உடம்பு மாறிவிடாது. அவர்களைச் சுற்றியுள்ள உலகம்தான் மாறியது. கையில் காசு, தெருவுக்குத் தெரு கடை, சினிமாவில் கதாநாயகன் கையில் குப்பி என்று எத்தனையோ சொல்லலாம். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் "நாமும் அந்த வயதில் செய்தோம்" என்ற பேச்சு அந்த ஊர் அப்பாக்கள் பலருக்குப் பொருந்தாது.

சிறு வயதில் தொடங்கியவர்கள் பின்னால் எப்படி இருந்தார்கள்? குடிக்கு அடிமையானவர்கள் அவர்களிடையே அதிகம். குடித்துக் காயம் பட்டவர்கள் அதிகம். மன வேதனையில் இருந்தவர்களும் அதிகம். "தானாகச் சரியாகிவிடும்" என்ற பேச்சுக்கும் இங்கே அடி விழுகிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இது நினைவிலிருந்து சொன்ன கணக்கு. முதல் குடி எப்போது என்று நாற்பத்தைந்து வயதுக்காரர் தப்பாகவும் சொல்லியிருக்கலாம். தவிரவும், வீட்டில் சண்டை, வறுமை, அடி உதை என்று கஷ்டப்பட்ட பையன் சீக்கிரம் குடியில் விழுவான். பின்னால் அவனுக்கு வரும் துன்பத்துக்கு அந்தக் கஷ்டமும் காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் குடியின் மேல் போட முடியாது. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு எங்கே, நான்கில் மூன்று பங்கு எங்கே? ஞாபகப் பிசகால் மட்டும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருமா என்று யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு பெரிய கணக்கு எடுத்தார்கள். அது 1997இல் வெளிவந்தது. பதினைந்து வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். இருபது வயது தாண்டித் தொடங்கியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். முதல் குடி ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போகும்போதும் ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பையனை ஆயுள் முழுக்கக் காவல் காக்க யாராலும் முடியாது. ஆனால் பதினாறைப் பதினெட்டாக்கினாலும், பதினெட்டை இருபத்தொன்றாக்கினாலும் அதற்குப் பலன் உண்டு.

குப்பியில் அச்சிட்ட எண்

எழுத்தும் எண்ணும் படிக்கக் கற்றவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மதுக் குப்பியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் சின்ன எழுத்தில் ஒரு சதவீதம் போட்டிருக்கும். குடிப்பவர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. அந்த எண்தான் முக்கியம்.

பிராந்தி, விஸ்கி, ரம் குப்பிகளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். நூறு மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 43 மில்லி ஆல்கஹால் என்று பொருள். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஸ்ட்ராங் பீர் குப்பியில் 8 சதவீதம் வரை இருக்கும்.

"பீர்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று பையன்கள் சொல்வார்கள். சில அப்பாக்களும் சொல்வார்கள். கணக்குப் போடுவோம்.

ஒரு பெரிய பீர் குப்பியின் அளவு 650 மில்லி. அதில் நூற்றுக்கு 8 பங்கு ஆல்கஹால். 650ஐ எட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் 52. ஆக, ஒரு குப்பி பீரில் 52 மில்லி ஆல்கஹால்.

பிராந்தியில் ஒரு சின்ன பெக் என்பது 30 மில்லி. 30ஐ 42.8ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் ஏறக்குறைய 13. நான்கு பெக் என்றால் 52.

ஒரு குப்பி ஸ்ட்ராங் பீர் குடித்தவன் நான்கு பெக் பிராந்தி குடித்திருக்கிறான். குளிர்ச்சி என்ற பேச்சு எங்கே போயிற்று?

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. இந்த ஆல்கஹால் வயிற்றிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேராக இரத்தத்தில் கலக்கிறது. சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடுகிறது. வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கு. கல்லீரல் நிதானமான வேலைக்காரன். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 மில்லிதான் அதனால் முடியும். எலுமிச்சைச் சாறு கொடுத்தாலும், மோர் கொடுத்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது.

இரவு பதினோரு மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவன் உடம்பிலிருந்து 77 மில்லியும் போக எத்தனை மணி நேரம் ஆகும்? ஏழு, எட்டு மணி நேரம். விடிகாலை ஐந்து மணிக்கு வேன் ஓட்டப் போகிறான் என்றால், "ராத்திரி குடிச்சது, தூங்கி எழுந்தாச்சு" என்று நினைக்கிறான். இரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. சட்டப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 சட்டத் திருத்தத்தின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பையனின் மூளை

மனித மூளை முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயது வரை ஆகிறது. இது பலருக்குத் தெரியாத செய்தி. தாடி மீசை வந்துவிட்டது, தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான், ஆளாகிவிட்டான் என்று நினைக்கிறோம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி கடைசியாகத்தான் பக்குவப்படுகிறது. "வேண்டாம், நிறுத்து" என்று தடுக்கிற பகுதி அதுதான். பின்விளைவை யோசிக்கிற பகுதியும் அதுதான். ஆசையைத் தூண்டுகிற பகுதியோ முன்பே முறுக்கேறிவிடுகிறது. வண்டியில் எஞ்சின் பொருத்தியாகிவிட்டது, பிரேக் இன்னும் முழுதாக வரவில்லை என்ற நிலை. ஆக, வயசுக்கோளாறு என்று ஒன்று இருப்பது உண்மைதான். அதனால்தான் அந்த வயதில் மது ஆபத்தானது. பெரியவர் சொன்ன அதே காரணம், பையனை விட்டுவிடுவதற்குப் பதிலாகக் கவனிப்பதற்கு உரிய காரணமாகிறது.

படித்ததை மனதில் பதிய வைக்கும் ஒரு சிறு பகுதியும் மூளையில் உண்டு. வளரும் வயதில் மிகுதியாகக் குடித்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பகுதி மற்றவர்களுக்கு இருப்பதை விடச் சிறியதாக இருந்ததைச் சில ஆய்வுகள் கண்டன. அத்தகைய பிள்ளைகள் நினைவுச் சோதனைகளிலும் பின்தங்கினார்கள்.

இன்னொரு செய்தி விசித்திரமானது. "எங்க பையன் எவ்வளவு குடிச்சாலும் அசைய மாட்டான்" என்று கூட்டாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். அதை ஒரு வீரம் போலச் சொல்வார்கள். அமெரிக்காவில் மார்க் ஷக்கிட் என்ற மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இருபது வயதுவாக்கில் இருந்த இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, யாருக்கு எவ்வளவு போதை ஏறுகிறது என்று குறித்துக்கொண்டார். பத்து ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். அன்றைக்கு அசையாமல் நின்றவர்கள்தான் பின்னால் அதிகமாகக் குடிநோயில் விழுந்திருந்தார்கள். காரணம் எளிது. சீக்கிரம் தலை சுற்றுகிறவன் குப்பியைக் கீழே வைத்துவிடுவான். அசையாதவனுக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. மேலும் மேலும் குடிக்கிறான். தகப்பனும் குடிநோயாளியாக இருந்தால் பையனுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அப்படிப்பட்ட பையனைப் பற்றிப் பெருமை பேசுகிற கூட்டாளிக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பந்தயம் கட்டிக் குடிப்பதும் இளைஞர்களிடம் உண்டு. ஒரே மூச்சில் ஒரு குவார்ட்டரை விழுங்குவார்கள். விழுங்கியவன் சாய்ந்துவிட்டால், "தூங்கட்டும் விடு" என்று மற்றவர்கள் போய்விடுவார்கள். அப்படி விடக் கூடாது. அவன் மயங்கிய பிறகும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மூச்சு தளரும். மல்லாந்து படுத்தவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலை அடைத்துவிடும். எழுப்பினால் எழாத ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தனியே விடாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். போலீஸ் வருமோ, வீட்டில் தெரியுமோ என்று பயந்து நேரத்தைக் கடத்துவதால் உயிர் போகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. மதுவால் அந்த ஓர் ஆண்டில் உலகில் 26 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 13 பேர் இருபது வயதிலிருந்து முப்பத்தொன்பது வயதுக்குள் இருந்தவர்கள். கல்லீரல் கெட்டுச் சாக நாள் ஆகும். புற்றுநோய் வரவும் நாள் ஆகும். மது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் இளைஞன் அதுவரை காத்திருப்பதில்லை. சாலை விபத்திலும் கைகலப்பிலும் போய்விடுகிறான்.

யார் கையிலிருந்து வருகிறது?

பதினாறு வயதுப் பையனுக்கு முதல் குவளை எங்கிருந்து கிடைக்கிறது? கடைக்காரன் கொடுத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். கடைக்காரனும் ஒரு காரணம்தான். பல நேரம் அது மாமா கையிலிருந்து வருகிறது. சித்தப்பா கையிலிருந்து வருகிறது. கல்யாண வீட்டின் பின்புறத்தில், "இவனும் ஆம்பிளைதானே, ஒரு வாய் குடிக்கட்டும்" என்று வருகிறது. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொல்லியே சில தகப்பன்மார் மகனுக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

"வெளியே போய்க் கெட்டுப் போவதை விட, வீட்டிலேயே நம் கண் முன்னால் அளவாகக் குடித்துப் பழகட்டும்" என்று ஒரு வாதமும் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 1,927 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2018இல் முடிவைச் சொன்னார்கள். பெற்றோர் கொடுத்ததால் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வீட்டில் வாங்கிக் குடித்த பிள்ளை, அடுத்து வெளியிலும் வாங்கிக் குடிப்பது அதிகமாக இருந்தது.

சட்டமும் இதில் கடுமையாக இருக்கிறது. மது வாங்கும் வயது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கோவாவில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கே இருக்கிறது. ஆனால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் நாடு முழுமைக்கும் பொது. மருத்துவர் சொல்லாமல், 18 வயது நிறையாத பிள்ளைக்கு மது கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கொடுத்தவர் கடைக்காரரா, தாய்மாமனா என்று சட்டம் பார்ப்பதில்லை. பிள்ளையை மது சுமந்து வரச் செய்பவருக்கும் அதே தண்டனை சொல்லியிருக்கிறது. "டேய், ஓடிப்போய் ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வா" என்று சிறுவனை அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையை மூடினால் தீராதா என்று தாய்மார்கள் கேட்பார்கள். ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்துப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். 1990இல் அங்கே அறிவொளி வகுப்புகள் நடந்தன. இங்கே இருப்பவர்களைப் போலவே அவர்களும் மாலையில் கூடி எழுத்துக் கற்றவர்கள். பாடப் புத்தகத்தில் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடிய கதை ஒன்று வந்தது. துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்தார்கள். கதையில் முடிந்தது நம்மால் முடியாதா என்று கேட்டார்கள். தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தார்கள். 1992இல் அது ஊர் ஊராகப் பரவியது. சாராய ஏலத்தையே நடக்கவிடாமல் தடுத்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. எழுதப் படிக்கக் கற்றவர்கள் செய்த மகத்தான காரியம் இது. ஆனால் 1997இல் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. வருமானம் இல்லை என்றார்கள், கள்ளச் சரக்கு வருகிறது என்றார்கள். கடையை மூடப் போராடுவது வேண்டியதுதான். ஆனால் கடை மறுபடி திறக்கும்வரை பையன் வளராமல் நிற்க மாட்டான். வீட்டிலும் வேலை இருக்கிறது.

குறைந்த ஊர் உண்டா?

கோவாவில் எண் ஏறியதைப் பார்த்தோம். எங்காவது இறங்கியிருக்கிறதா? ஐரோப்பாவுக்கு வடமேற்கே ஐஸ்லாந்து என்ற தீவு நாடு இருக்கிறது. குளிர் தேசம். 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவு குடித்ததாக நூற்றுக்கு 42 பேர் சொன்னார்கள். 2016இல் அதே கேள்விக்கு நூற்றுக்கு 5 பேர்தான் ஆம் என்றார்கள்.

அவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு நிறுத்தவில்லை. பள்ளி விட்ட பிறகு பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பார்த்தார்கள். பந்தாட்டம், நீச்சல், சங்கீதம் என்று எதிலாவது சேர்த்துவிட அரசு பணம் கொடுத்தது. இரவில் பிள்ளைகள் வீடு திரும்ப நேரம் குறித்தார்கள். குளிர்காலத்தில் பத்து மணி. பெற்றோர்கள் ஒன்றுகூடி, "எங்கள் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டோம், உங்கள் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிகளில் திரும்பத் திரும்பக் கணக்கு எடுத்தார்கள். அது சின்ன நாடு, பணம் உள்ள நாடு. அப்படியே நம் ஊரில் செய்ய முடியாது. ஆனால் கையெழுத்துப் போடப் பணம் வேண்டாம். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு கைப்பந்து வலை கட்டவும் பெரிய செலவு ஆகாது.

ஏற்கெனவே விழுந்தவனுக்கு

2019இல் மத்திய அரசு ஒரு பெரிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. அந்த ஆய்வைச் செய்தது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை. நம் நாட்டில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள். அவர்களில் பத்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் சுமார் 30 லட்சம். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்.

மற்ற 37 பேர் ஏன் போகவில்லை? வெட்கம் ஒரு காரணம். எங்கே போவது என்று தெரியாதது இன்னொன்று. குடியை ஒரு கெட்ட குணம் என்று மட்டுமே நினைப்பது பெரிய காரணம். கெட்ட குணத்துக்கு யார் மருத்துவமனைக்குப் போவார்கள்? மருத்துவர்கள் இதை நோய் என்கிறார்கள். பல நாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வேர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்டவரை அறையில் பூட்டி வைப்பதும், யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலப்பதும் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அந்த நிலைக்குப் போகாதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. மறுபடி கோவாவுக்குப் போவோம். அங்கே பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடந்தது. உடம்பைக் கெடுக்கும் அளவு குடித்த 377 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவுக்கு அதோடு நாலு தடவை வரை உட்கார்ந்து பேச்சு. பேசியவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள்.

அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. திட்டவும் இல்லை. எப்போது குடிக்கத் தோன்றுகிறது, யாரோடு போனால் குடிக்கிறீர்கள், குடித்ததால் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சம்பள நாளில் எந்த வழியாக வீட்டுக்குப் போவது, கூட்டாளி கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்று சேர்ந்து யோசித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, முந்தைய பதினான்கு நாளும் குடிக்காமல் இருந்தவர்கள் பேச்சுக் குழுவில் நூற்றுக்கு 42 பேர். மற்றக் குழுவில் நூற்றுக்கு 18 பேர். எல்லோரும் மீளவில்லை. பாதிக்கு மேல் இன்னும் குடித்தார்கள். ஆனாலும் நாலு தடவை பேசிய பேச்சுக்கு இது நல்ல பலன்.

வாசலில் தடுமாறும் பையனிடம் அன்று இரவு பேசிப் பயனில்லை. போதை இறங்க வேண்டும். மறுநாள் சாப்பிட்ட பிறகு, மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, தகப்பனோ தாயோ அண்ணனோ ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேசலாம். "ஏண்டா குடிச்சே?" என்று தொடங்கினால் அவன் வாயை மூடிக்கொள்வான். "நேத்து எங்க போனீங்க, யார் யார் இருந்தீங்க?" என்று கேட்டால் கொஞ்சம் பேசுவான். தகப்பனும் குடிப்பவராக இருந்தால் இந்தப் பேச்சு கடினம். பையன் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவான். அப்போது அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பேச்சால் ஆகவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். குடியை விட்டவர்களே ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. கூட்டங்கள் பல நகரங்களில் நடக்கின்றன. அதற்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. குடிப்பவரே பேச வேண்டும் என்பதில்லை, வீட்டில் உள்ளவர்களும் பேசலாம். இரண்டு எண்களையும் இப்போதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போன் செய்யக் காசு வேண்டாம்.